ஒரு லிட்டர் எல்லாம் ஒரு கிலோவா?



ஒரு புட்டி நிறையத் தண்ணீர். அதே அளவுள்ள இன்னொரு புட்டி நிறையச் சமையல் எண்ணெய். இரண்டையும் தராசின் இரு தட்டுகளில் வைத்தால் எந்தத் தட்டு தாழும்? தோட்டப் பள்ளி வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பிள்ளைகளில் பலர் "எண்ணெய்த் தட்டு" என்றே சொல்லுவார்கள். ஏன் என்றால், "எண்ணெய்தானே கெட்டியாக இருக்கிறது!" என்பார்கள். பெரியவர்களிடம் கேட்டாலும் இதே விடை வருவதுண்டு.

ஆனால் தாழ்வது தண்ணீர்த் தட்டுதான். கெட்டியாக ஒழுகுவது வேறு. கனமாக இருப்பது வேறு. இந்த வேறுபாடு பள்ளிப் பாடத்தோடு முடிந்துபோகிற ஒன்றன்று. கடையில் நாம் கொடுக்கும் பணத்திலும், அடுப்படியில் நம் பாதுகாப்பிலும், பால் மரக் காட்டில் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் உழைத்துப் பெற்ற கூலியிலும் அது கலந்திருக்கிறது. ஆகவே இன்றைய உரையில், வீட்டில் நாம் அன்றாடம் கையாளும் திரவங்களின் அடர்த்தியைப் பற்றிக் காண்போம்.

முதலில் அடர்த்தி என்றால் என்ன? காலியான ஒரு பால் டின்னில் அரிசியை நிரப்புங்கள். அதே அளவு டின் ஒன்றில் பொரியை நிரப்புங்கள். இரண்டும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான். ஆனால் அரிசி டின் கனக்கிறது. பொரி டின் கனக்கவில்லை. அதே இடத்துக்குள் அரிசி கூடுதலான பொருளை அடக்கி வைத்திருக்கிறது. இப்படி, குறிப்பிட்ட இடத்துக்குள் எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவே அடர்த்தி. ஒரு திரவத்தின் எடையை அதன் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும்.

இந்தக் கணக்குக்குத் தண்ணீரே நல்ல அளவுகோல். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுள்ளது. இது தற்செயலாக அமைந்ததன்று. 1790-களில் பிரான்சு நாட்டில் மெட்ரிக் அளவு முறையை வகுத்தவர்கள், ஒரு லிட்டர் தண்ணீரின் எடையையே ஒரு கிலோகிராம் என்று வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்துக்குப் பிறகு பவுண்டும் கேலனும் படிப்படியாக விலகி, கிலோவும் லிட்டரும் வழக்கத்துக்கு வந்தன. ஆனால் தண்ணீருக்குப் பொருந்தும் 'ஒரு லிட்டர், ஒரு கிலோ' என்ற கணக்கை மற்ற எல்லாத் திரவங்களுக்கும் பொருத்திவிட முடியாது. நம் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் காணும் சில திரவங்கள் லிட்டருக்கு எவ்வளவு எடையுள்ளவை என்று பாருங்கள்:

மண்ணெண்ணெய் – சுமார் 800 கிராம்
செம்பனைச் சமையல் எண்ணெய் – சுமார் 910 கிராம்
நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் – சுமார் 920 கிராம்
தண்ணீர் – சுமார் 1,000 கிராம்
கடல்நீர் – சுமார் 1,025 கிராம்
பசும்பால் – சுமார் 1,030 கிராம்
இனிப்பூட்டிய டின் பால் – சுமார் 1,300 கிராம்
தேன் – சுமார் 1,400 கிராம்

இந்த வரிசையில் ஒன்றைக் கவனியுங்கள். எண்ணெய் வகைகள் எல்லாம் தண்ணீருக்கு மேலே, அதாவது இலேசான பக்கத்தில், நிற்கின்றன. கையில் பிசுபிசுவென்று ஒட்டுவதும் மெதுவாக ஒழுகுவதும் எண்ணெயின் பாகுத்தன்மை. அதற்கும் அடர்த்திக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தேன் பாகாகவும் இருக்கிறது, கனமாகவும் இருக்கிறது. எண்ணெய் பாகாக இருந்தாலும் இலேசாக இருக்கிறது. பிள்ளைகள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

அடர்த்தி வேறுபாட்டைக் கண்ணால் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலே போதும். ஐஸ் போட்ட சிராப் கேட்டால், கலக்குவதற்கு முன் அந்தக் கோப்பையைப் பாருங்கள். சர்க்கரைப் பாகு சிவப்பாக அடியில் தங்கியிருக்கும், நடுவில் தண்ணீர், ஐஸ் கட்டி மேலே மிதக்கும். ஒரே கோப்பையில் மூன்று அடர்த்திகள்! தேநீரும் அப்படித்தான். கண்ணாடிக் கோப்பையின் அடியில் டின் பாலை ஊற்றி, அதன்மேல் தேயிலைச் சாயத்தை மெல்ல ஊற்றினால், பால் வெண்மையாக அடியிலேயே நிற்கும். கடைக்காரர் இரண்டு குவளைகளுக்கிடையே தேநீரை உயர இழுத்து ஆற்றுவது சூட்டைத் தணிக்கவும் நுரை வரவும் மட்டுமல்ல. கனமான பாலும் இலேசான சாயமும் ஒன்றாகக் கலப்பதற்கும் அதுவே வழி.

சர்க்கரைப் பாகும் தண்ணீரும் கலந்தால் பிறகு பிரிவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் அப்படி அல்ல. எவ்வளவு கலக்கினாலும் சற்று நேரத்தில் பிரிந்து, எண்ணெய் மேலும் தண்ணீர் கீழுமாக நின்றுவிடும். இதை நம் தாய்மார்கள் விளக்கேற்றும்போது நன்றாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் பாதியளவு தண்ணீர் விட்டு, அதன்மேல் எண்ணெய் விட்டு, மிதக்கும் திரியை ஏற்றுவார்கள். எண்ணெய் உயரத்தில் நிற்பதால் சிறிதளவு எண்ணெயே போதும். எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரைத் தொட்டுத் தானே அணைந்துவிடும். தண்ணீர் கனமானது, எண்ணெய் இலேசானது என்ற ஓர் உண்மை இங்கே நமக்குக் காவலாக நிற்கிறது.

அதே உண்மை அடுப்பில் உயிருக்கே ஆபத்தாக மாறக்கூடும். தாய்மார்கள் இதைக் கூர்ந்து கேட்க வேண்டும். வாணலியில் எண்ணெய் அளவுமீறிக் காய்ந்து தீப்பிடித்துவிட்டால், பதற்றத்தில் கைக்கு எட்டும் தண்ணீரை எடுத்து ஊற்றத் தோன்றும். ஒருபோதும் ஊற்றாதீர்கள். தண்ணீர் கனமானதால் எண்ணெய்க்குக் கீழே இறங்கும். தீப்பற்றிய எண்ணெயின் சூடு தண்ணீரின் கொதிநிலையான 100 பாகையைவிடப் பல மடங்கு மிகுதி. கீழே போன தண்ணீர் நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, மேலே எரிந்துகொண்டிருக்கும் எண்ணெயைத் தூக்கி எறியும். வாணலித் தீ ஒரே கணத்தில் கூரைவரை எழும்பும். பலகைச் சுவர் வைத்த லயத்து வீடானாலும், அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறையானாலும் முடிவு ஒன்றே. செய்ய வேண்டியது இதுதான்: எட்டினால் அடுப்பை அணையுங்கள், பொருத்தமான மூடியால் வாணலியை மூடுங்கள், சூடு முழுதும் ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள், வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடாதீர்கள். தீ பெரிதாகிவிட்டால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புப் படையை அழையுங்கள்.

இனிக் கடைக்குப் போவோம். சமையல் எண்ணெய் ஒரு கடையில் கிலோ கணக்கிலும் இன்னொரு கடையில் லிட்டர் கணக்கிலும் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் மானிய விலை எண்ணெய்ப் பொட்டலம் 1 கிலோ என்று வருகிறது. செம்பனை எண்ணெயின் அடர்த்தி லிட்டருக்கு 910 கிராம் என்றால், 1 கிலோ எண்ணெய் ஒரு லிட்டர் புட்டியை நிரப்பிய பிறகும் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் மீதமிருக்கும். ஆகவே 1 கிலோ எண்ணெயும் 1 லிட்டர் எண்ணெயும் ஒரே விலை என்றால், கிலோ எண்ணெயே நமக்கு லாபம். தேன் வாங்கும்போது கணக்குத் தலைகீழாகும். தேன் கனமான பொருளாதலால், 1 கிலோ தேன் முக்கால் லிட்டர் புட்டிக்குள்ளேயே அடங்கிவிடும். புட்டி சிறியதாக இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். உறையில் உள்ள எழுத்து கிராமா, மில்லிலிட்டரா என்று பார்த்து வாங்குங்கள்.

இதே கணக்கைத்தான் கிள்ளான் துறைமுகத்திலும் போடுகிறார்கள். போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901-இல் திறக்கப்பட்டு, 1972-இல் இன்றைய பெயரைப் பெற்ற துறைமுகம் அது. அங்கிருந்து கப்பலேறும் செம்பனை எண்ணெயை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. பெரிய தொட்டியில் எண்ணெய் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து கொள்ளளவைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு எண்ணெயின் வெப்பநிலையைப் பார்ப்பார்கள். ஏனென்றால் சூடேறினால் எண்ணெய் விரிந்து, அதன் அடர்த்தி குறைந்துவிடும். அந்த வெப்பநிலைக்குரிய அடர்த்தியால் கொள்ளளவைப் பெருக்கினால் எத்தனை டன் என்று தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான டன் எண்ணெய் கைமாறும்போது, அடர்த்தியில் ஒரு சிறு பிழையும் பெரும் பணமாகிவிடும் அன்றோ!

கப்பலுக்கும் அடர்த்திக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனமானது. அதனால் கடலில் மிதக்கும் கப்பல் ஆற்று நீருக்குள் வந்தால் சற்றுக் கூடுதலாக அமிழும். கப்பலின் பக்கவாட்டில் கோடுகளும் எழுத்துகளும் வரைந்திருப்பதைக் காணலாம். எந்த நீரில் எந்தக் கோடுவரை அமிழலாம் என்பதை அவை காட்டும். அளவுமீறிச் சரக்கேற்றி மாலுமிகள் மூழ்கி இறந்த கொடுமையை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்ற ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினர் போராடியதன் பயனாக 1876-இல் பிரிட்டனில் அத்தகைய கோடு சட்டமாயிற்று.

உப்பு நீரின் கனத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கோப்பைத் தண்ணீரில் புதிய கோழிமுட்டை ஒன்றைப் போடுங்கள். அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இப்போது உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டு மெல்லக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் முட்டை எழும்பி மிதக்கும். முட்டையில் எந்த மாற்றமும் இல்லை, தண்ணீர்தான் அடர்த்தியாகிவிட்டது. முட்டையைவிட இலேசான நீரில் முட்டை மூழ்கும். கனமான நீரில் மிதக்கும். செய்தி இவ்வளவுதான்.

இந்தச் சிறு விளையாட்டைச் செம்பனை ஆலைகள் தொழிலாகவே செய்கின்றன. சிலாங்கூரில் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் வாணிப அடிப்படையில் செம்பனை நடப்பட்டது. இன்று நம்மவர் பலர் வேலை செய்வது அந்தப் பயிரில்தான். ஆலையில் பழத்தைப் பிழிந்ததும் எண்ணெயும் தண்ணீரும் சக்கையும் கலந்த குழம்பு வருகிறது. அதைச் சூடான தொட்டியில் நிறுத்தி வைத்தால் எண்ணெய் மேலே திரளும். தண்ணீரும் மண்டியும் கீழே தங்கும். மேலே நிற்கும் எண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். கொட்டையை உடைத்த பிறகு பருப்பையும் ஓட்டையும் கையால் பொறுக்க முடியுமா? களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலின் அடர்த்தியைப் பருப்புக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்குமாறு சரிசெய்கிறார்கள். அதில் கொட்டினால் பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். உப்பு நீரில் முட்டை மிதந்ததும் களிமண் நீரில் பருப்பு மிதப்பதும் ஒரே விதிதான்.

அந்த விதியைச் சொன்னவர் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை ஒதுக்கித் தள்ளுகிறது என்பது அவர் கண்டது. கனமான திரவம் என்றால் கொஞ்சம் ஒதுக்கினாலே போதும். ஆகவே பொருள் உயர்ந்து மிதக்கும். இலேசான திரவம் என்றால் நிறைய ஒதுக்க வேண்டும். ஆகவே பொருள் தாழ்ந்து மிதக்கும். இந்த உயர்வு தாழ்வையே அளவுகோலாக்கினால் ஒரு கருவி கிடைக்கிறது. அதற்குத் திரவமானி என்று பெயர்.

பிள்ளைகளே, நீங்களே ஒன்று செய்து பாருங்கள். பானம் உறிஞ்சும் குழல் ஒன்றை ஒரு சாண் அளவுக்கு வெட்டி, ஒரு முனையை மெழுகினால் அடையுங்கள். உள்ளே சில மணல் பொடிகளைப் போட்டால், தண்ணீரில் அது நிமிர்ந்து நிற்கும். தண்ணீர் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு அதையே உப்பு நீரில் விடுங்கள். கோடு மேலே எழும்பும். சமையல் எண்ணெயில் விடுங்கள். கோடு உள்ளே மூழ்கும். தராசு இல்லாமலே, எது கனம் எது இலேசு என்று உங்கள் குழல் சொல்லிவிடும். மண்ணெண்ணெயை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம்.

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைப் பற்றி நம் முன்னோர் சொன்னார்கள். அந்தப் பறவையை நாம் கண்டதில்லை. ஆனால் பாலில் நீர் கலந்திருப்பதைக் காட்டும் பால்மானியைக் கண்டிருக்கிறோம். அதுவும் ஒரு திரவமானியே. நல்ல பசும்பால் தண்ணீரைவிடக் கனமானது. தண்ணீர் சேரச் சேரப் பால் இலேசாகும். பால்மானி கூடுதலாக மூழ்கும்.

இனி நாம் பேச வேண்டியது இன்னொரு பாலைப் பற்றி. தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் 'பால்' என்று மட்டும் சொன்னால், முதலில் அவர்கள் நினைவுக்கு வருவது மாட்டுப்பால் அன்று, மரத்துப்பால்தான். கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் காடுகளாக இருந்த இடங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் விடியுமுன் எழுந்து, மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, வாளியைச் சுமந்து பால் கொட்டகையில் வரிசையில் நின்றவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே கிராணி பாலுக்குள் விட்டுப் பார்த்த மிதவை அவர்களுக்கு நினைவிருக்கும். அதுதான் மெட்ரோலாக் என்னும் கருவி. ரப்பர்ப் பாலுக்கென்றே செய்யப்பட்ட திரவமானி அது.

அந்தக் கருவி எதற்கு? வாளியில் இருக்கும் பால் முழுதும் ரப்பர் அன்று. மரத்திலிருந்து வரும் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே காய்ந்த ரப்பராகத் தேறும். மீதி பெரும்பாலும் தண்ணீர். மரத்தின் வகை, வயது, பருவம், மழை ஆகியவற்றுக்கு ஏற்ப அந்தப் பங்கு கூடும், குறையும். நிறுவனத்துக்கு வேண்டியது காய்ந்த ரப்பர். 1954-இல் அமைந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் முதலாளிமாரோடு செய்துகொண்ட கூலி ஒப்பந்தங்களிலும், தொழிலாளி கொண்டுவந்த ரப்பரின் எடை கணக்கில் சேர்ந்தது. ஆகவே 'வாளியில் எத்தனை லிட்டர்?' என்ற கேள்வியோடு, 'லிட்டருக்கு எத்தனை கிராம் ரப்பர்?' என்ற கேள்வியும் கூலியைத் தீர்மானித்தது.

இங்கேதான் ஒரு வியப்பு இருக்கிறது. ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஒரு லிட்டர் அளவு ரப்பர் சுமார் 920 கிராம்தான். பாலில் உள்ள நீர்ப்பகுதியோ சர்க்கரை, புரதம், உப்புகள் கரைந்திருப்பதால் லிட்டருக்குச் சுமார் 1,020 கிராம். இரண்டும் சேர்ந்த நல்ல ரப்பர்ப் பால் லிட்டருக்கு ஏறத்தாழ 980 கிராம் இருக்கும். அதாவது தண்ணீரைவிட இலேசு. எனவே தண்ணீர் கலந்தால் மாட்டுப்பால் இலேசாகும்; மரத்துப்பால் கனமாகும்! பால்மானி நீர்த்த பாலில் தாழ்ந்து மூழ்குகிறது. மெட்ரோலாக்கோ நீர்த்த பாலில் உயர்ந்து மிதக்கிறது. இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் பெயர் பால். ஆனால் மிதவை ஒன்றில் ஒரு திசையிலும் மற்றதில் எதிர்த் திசையிலும் நகர்கிறது.

ரப்பர்ப் பால் கெட்டியானதால் மிதவை அதில் தடையின்றி அசையாது. அதனால் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மெட்ரோலாக்கை விட்டு, கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். அளவுக்கோடு 100 காட்டினால் லிட்டருக்கு 300 கிராம் ரப்பர். ஒரு தொழிலாளி 40 லிட்டர் பால் கொண்டுவந்திருந்தால் 40 தடவை 300. அதாவது 12 கிலோ ரப்பர். சரி, நுரையை நீக்காமலோ கண்ணைக் கோட்டுக்கு நேராக வைக்காமலோ பார்த்து, 100-ஐ 95 என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? 95-ஐ மூன்றால் பெருக்கினால் 285. நாற்பது லிட்டருக்கு 11 கிலோ 400 கிராம். ஒரு நாளில் 600 கிராம் போயிற்று. மாதத்தில் 25 நாள் வேலை என்றால் 15 கிலோ. கோட்டில் ஐந்தே எண் வேறுபாடு. தொழிலாளி ஒரு நாளுக்கு மேல் பாடுபட்டு எடுக்கும் ரப்பர் கணக்கில் வராமல் போய்விடுகிறது. படிப்பும் கணக்கும் நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விடை வேண்டுமா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த 40 லிட்டர் பாலில் மழைநீர் 10 லிட்டர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வாளிகளில் 50 லிட்டர். பால் நீர்த்துவிட்டதால் லிட்டருக்கு 240 கிராம்தான் காட்டும். 50 தடவை 240 எவ்வளவு? மறுபடியும் அதே 12 கிலோ. தண்ணீர் சேர்த்தவருக்கு லாபமும் இல்லை. மழையில் அகப்பட்டவருக்கு நட்டமும் இல்லை. அளவையும் அடர்த்தியையும் சேர்த்துப் பார்த்தால் நியாயம் நிற்கும். 'பால் நீர்த்துப் போயிற்று' என்று அடர்த்தியை மட்டும் பார்த்துக் குறைசொன்னாலும், லிட்டரை மட்டும் பார்த்துப் பாராட்டினாலும் கணக்குக் கோணிவிடும்.

மெட்ரோலாக்குக்கும் குறைகள் உண்டு. வெயிலில் சூடேறிய பால் விரிந்து இலேசாகும், மிதவை தாழும், உள்ளதைவிடக் கூடுதல் ரப்பர் இருப்பதுபோல் காட்டும். பால் உறையாதிருக்க அம்மோனியா சேர்த்தாலும் அப்படியே. மிதவையில் காய்ந்த பால் ஒட்டியிருந்தாலும் அளவு தவறும். ஆகவே சரியான முடிவு வேண்டுமானால், சிறிதளவு பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, முழுதும் உலர்த்தி, மறுபடியும் நிறுக்கிறார்கள். இத்தகைய ஆய்வுகளுக்காகவே 1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. கோலாலம்பூரை அடுத்த சுங்கை பூலோவில் அதற்குச் சோதனைத் தோட்டம் இருந்தது. அக்கழகம் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்தது.

ரப்பர் இலேசானது என்ற அதே தன்மைதான் கையுறைத் தொழிலுக்கும் அடிப்படை. பாலை வேகமாகச் சுழலும் எந்திரத்தில் விட்டால் கனமான நீர்ப்பகுதி வெளிப்பக்கம் ஒதுங்க, ரப்பர் நிறைந்த பகுதி நடுவே திரளும். இப்படி ரப்பர்ப் பங்கை 60 விழுக்காடு அளவுக்கு உயர்த்திய பாலிலிருந்தே கிள்ளான், மேரு வட்டாரத் தொழிற்சாலைகளில் ரப்பர்க் கையுறைகள் உருவாகின்றன.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. திரவமானி எவ்வளவு கனம் என்று சொல்லுமே தவிர, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லாது. பாலின் ஆடையை எடுத்துவிட்டால் பால் சற்றுக் கனமாகும். பிறகு கொஞ்சம் தண்ணீர் கலந்தால் பழைய அடர்த்திக்கே வந்துவிடும். பால்மானி ஏமாந்துபோகும். பாலில் இப்படி நடந்தால் நட்டம் பணத்தோடு போயிற்று. சாராயத்தில் நடந்தால் உயிரே போய்விடும். குடிக்கும் மதுவில் உள்ள எத்தனால் லிட்டருக்குச் சுமார் 789 கிராம். கொடிய நஞ்சாகிய மெத்தனால் லிட்டருக்குச் சுமார் 792 கிராம். இரண்டும் நிறமற்றவை, அடர்த்தியிலும் ஏறக்குறைய ஒன்றே. மிதவையாலோ கண்ணாலோ மூக்காலோ நாக்காலோ இவற்றைப் பிரித்தறிய முடியாது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். மலிவாகக் கிடைக்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிக் கள்ளச் சம்சுவை யாராவது நீட்டினால், அதைச் சோதித்துப் பார்க்க வீட்டில் எந்த வழியும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். குடித்தவருக்குத் தலைவலி, வாந்தி, கண் மங்கல் கண்டால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நேயர்களே, நாம் இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். லிட்டர் என்பது இடத்தின் அளவு. கிலோ என்பது எடையின் அளவு. இரண்டையும் இணைப்பது அடர்த்தி. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. ஆதலால் எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றலாகாது. வாங்கும் பொருளின் உறையில் கிராமா, மில்லிலிட்டரா என்று பார்க்க வேண்டும். மிதவை காட்டும் எண்ணைச் சரியாகப் படிக்கவும், அது காட்டாததை அறியவும் வேண்டும்.

தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் அடர்த்தி என்ற சொல்லைப் பிள்ளைகள் படிக்கும்போது, வீட்டில் பால் மரம் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். பால் கொட்டகையில் மிதவை எப்படி நின்றது, எந்த மாதத்தில் பால் கெட்டியாக வந்தது, மழை நாளில் என்ன எண் விழுந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். புத்தகத்தில் ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கும் பாடத்தை அவர்கள் வாழ்நாள் முழுதும் கையில் சுமந்தவர்கள்.